சொரசொரத்துப்போன வெள்ளைக் கல்

"இது என்ரை கல்லு இல்லை, அன்ரி. ஆரோ மாத்திப்போட்டினம்."

எல்லிங்ஸ்ருட்டில் சந்திரகுமாரின் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இதைச் சொல்லிவிட்டு, நிருஜா பையிலிருந்த கல்லை மேசையில் வைத்தாள். சந்திரகுமாருக்குக் கை பரபரத்தது. ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுவது அவருடைய தொழில். காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் துப்பறியும் மனைவி சத்தியபாமாவுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே நிற்பது அவருடைய பொழுதுபோக்கு.

"முதல்லை இரும் பிள்ளை. இதென்ன கல்லு?" என்றார் சத்தியபாமா.

நிருஜா பல்கலைக்கழகத்தில் பாறையியல் படிக்கிறவள். "நோர்வேயின்ரை வடக்கு முனை, ஃபின்மார்க்கிலை எடுத்தது. அங்கை பழைய எரிமலைக் குழம்பு புதைஞ்சு, நெரிஞ்சு, வெந்து பச்சைப்பாறையாய்க் கிடக்குது. அதுக்குள்ளைதான் இந்த வெள்ளைக் கல்லு. இதுவும் குழம்பாய் வந்து உறைஞ்ச கார்பனடைட் எண்டு நான் சொல்லுறன். ரிசாந் இல்லையாம். கடல் சுண்ணாம்பு வெந்து வந்த வெறும் சலவைக்கல்லாம்."

ரிசாந் அவளோடு படிப்பவன். தை மாதம் அவளைக் கட்டப்போகிறவனும் அவன்தான்.

"அறுத்த முகம் வழுவழுப்பாய் இருந்தது. இப்ப தடவிப் பாருங்கோ."

சந்திரகுமார் தடவினார். மணல் ஒட்டியதுபோல விரலில் உறுத்தியது. கல்லைப் புரட்டியவர் பின்புற வெடிப்பில் சிவப்பாக ஏதோ கண்டு, "சத்தியா, ரத்தம்!" என்றார்.

"கல்லிலை இருக்கிற இரும்புக் கறளாய் இருக்கும், அங்கிள்," என்றாள் நிருஜா.

"மற்றப் பாதி எங்கை?" என்றார் சத்தியபாமா.

"ஆய்வுக்கு மாவாய் அரைச்சாச்சு. வெள்ளிக்கிழமை இதை வீட்டை கொண்டுவந்தனான். சனிக்கிழமை சரஸ்வதி பூசை. நான் வேலைக்குப் போட்டன். ரிசாந் வெள்ளனவே வந்து அம்மாவுக்கு உதவினவர். வெளியாள் அவர் ஒராள்தான். திங்கள் காலமை பையைத் திறந்தால் இப்பிடிக் கிடக்குது."

"அவரைக் கேட்டனீரோ?"

"கேட்டனான். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. நாளைக்கு முறைப்பாடு குடுக்கப்போறன், அன்ரி. அவரைப் படிப்பாலை நிப்பாட்டுவினம். கலியாணமும் வேண்டாம்."

அறுத்த முகத்தின் மூலையில் இலக்கம் எழுதிய பிளாஸ்டிக் ஒட்டுச்சீட்டு இருந்தது. சத்தியபாமா நகத்தால் அதை மெல்ல உரித்து, கல்லைக் கணவரிடம் நீட்டினார். சீட்டு இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. சந்திரகுமார் தலையைச் சொறிந்தார். சீட்டு ஒட்டுவதற்காக ஒரு மூலையை மட்டும் மினுக்குகிற கள்ளனும் உண்டா?

"வாங்கோ, அம்மருட்டிலை நிருஜா வீட்டை போவம்," என்றார் சத்தியபாமா.

அம்மருட்டில் கதவைத் திறந்த நிருஜாவின் தாய் உதயகுமாரி, கல்லைக் கண்டதும் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டார். சத்தியபாமாவும் பின்னால் போனார். என்ன நடக்கிறதென்று ஒன்றும் விளங்காமல் சந்திரகுமாரும் நிருஜாவும் போனார்கள்.

"சாமியறைக் குத்துவிளக்கு நல்லாய் மினுங்குது, உதயாக்கா. என்ன போட்டனீங்கள்?"

"பழப்புளியும் தேசிக்காய்ப் புளியும்தான். இரவு முழுக்க ஊறவிட்டால்…" உதயகுமாரி அதோடு நிறுத்திக்கொண்டார்.

சத்தியபாமா நிருஜாவின் பக்கம் திரும்பினார். "கல்லை மாத்தினவன் சீட்டைச் சொரசொரப்பிலைதான் ஒட்டியிருப்பான். அடியிலை வழுவழுப்பு எண்டால், சீட்டு ஒட்டின பிறகுதான் மேல்முகம் அரிச்சிருக்குது. இது உம்மடை கல்லுத்தான் பிள்ளை. சுண்ணாம்பை அரிக்கிறது என்ன?"

"அமிலம். ஆனா ஆய்வுகூடத்து அமிலத்தைப் பூட்டியெல்லோ வைச்சிருக்கினம்!"

"குசினியைப் பூட்டேல்லையே. வெடிப்பிலை இருக்கிறது கறள் இல்லை, குங்குமம். பூசைக்கு நீர் படிக்கிற புத்தகத்தோடை நீர் படிக்கிற கல்லும் போயிருக்குது. அதுக்கு முதல் விளக்கோடை புளித்தண்ணியிலை குளிச்சும் இருக்குது."

உதயகுமாரி அழுதுவிட்டார். "பின்பக்கம் ஒரே மண். அப்பிடியே சாமிக்கு வைக்கிறதோ எண்டு ஊறப்போட்டனான். ரிசாந் தம்பி கண்டு திகைச்சுப்போனார். இந்தக் கல்லுக்காக நிருஜா எவ்வளவு அலைஞ்சவள், இனி என்னோடை கதைக்கமாட்டாள் எண்டு பயந்து, சொல்லாதேங்கோ தம்பி எண்டு கெஞ்சினனான். அவரிலை பழி விழும் எண்டு சத்தியமாய் நினைக்கேல்லை."

நிருஜா யன்னல் வெளிச்சத்தில் கல்லைச் சாய்த்துப் பார்த்தாள். சுண்ணாம்பு கரைந்த இடமெல்லாம் பச்சைச் சாயலான மணிகளும் கரும் மணிகளும் நெருக்கமாக எழும்பி நின்றன.

"அப்பட்டைட்… மக்னடைட்…" என்று முணுமுணுத்தாள். "சலவைக்கல்லிலை இவ்வளவு கிடக்காது. நான் சொன்னதுதான் சரி."

சொன்னாளே தவிர, முகத்தில் சந்தோசம் இல்லை. கல்லைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ரிசாந்துக்குப் போன் எடுத்தாள். அவன் ஹலோ சொன்னதும் விம்மி அழுதாள்.

சின்னக் குசினி. மறுமுனைக் குரல் சந்திரகுமாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டீரோ? அம்மாவை ஏசிப்போடாதையும், என்ன?"