வால் நறுக்கிய வண்டி

எர்மெக்கின் ஜீப் நின்ற இடத்தில், பின்சக்கரங்களுக்கு நடுவே, பனி மஞ்சளாகியிருந்தது. டீசல் சிந்தினால் பனியில் நீலமும் ஊதாவுமாகப் படரும். சைலன்சர் சொட்டினால் கரி பிடித்துக் கறுக்கும். இரண்டையும் புருல் பல குளிர்காலங்களாகக் கூட்டித் தள்ளியிருக்கிறாள். இது வேறு. ஆறிப்போன இறைச்சிச் சாற்றின் மேல் உறைந்து நிற்கும் கொழுப்பைப் போல விளக்குமாற்றின் நுனியில் ஒட்டி இழைந்து வந்தது. அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. மலையூரான கொச்கோரில் நவம்பர் மாதம் ஈ கிடையாது.

முந்தின வாரம்தான் வண்டியின் பின்பக்கத்தை மாற்றச் சொல்லி அவள் கணவன் எர்மெக் பட்டறையில் விட்டிருந்தான். சோங்கோல் ஏரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பாதையில், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்தப் பெரிய வண்டியின் பின் பம்பர் கல்லில் இடித்தது. சைலன்சர் பிய்ந்து தொங்கியது. மற்ற ஓட்டுநர்கள் பழைய பம்பரைக் கழற்றிய கையோடு இரும்புப் பம்பரை மாட்டிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுப்பார்கள். எர்மெக் அவசரக்காரன். இரும்பு வந்து சேரும்வரை பொறுக்காமல் பம்பரின் கீழ்ப்பாதியை அறுத்துப் போடச் சொல்லி, சைலன்சரையும் குட்டையாக்கி, கை நுழையும் அகலத்தில் புதுவாய் வைத்து, அறுத்த வாலோடே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான்.

புருல் பிறந்த பள்ளத்தாக்கில், ஆண் ஒருவன் செத்தால் அவன் குதிரையின் வாலை நறுக்குவார்கள். பிறகு அதன்மேல் யாரும் ஏறுவதில்லை. சாவின் ஆண்டு நிறைவு விருந்தில் அதை அறுத்து ஊரே சாப்பிடும். உயிரோடு இருப்பவனின் குதிரைப் பக்கம் யாரும் கத்தரியைக் கொண்டுபோக மாட்டார்கள். வால் போனால், தன் எஜமான் செத்துவிட்டான் என்று குதிரை முடிவு செய்துகொள்ளும்.

"பின்பக்கம் மொட்டையா நிக்குது. பழசையே மாட்டிடுங்க," என்றாள் அவள், தேநீர் ஊற்றிக்கொண்டே.

"அது ஜீப்பு, புருல். குதிரை இல்ல."

"ஏறி உக்காந்துதானே போறீங்க?"

"சரி, குதிரைன்னே வெச்சுக்க. ரெண்டு கட்டு புல்லு போடு. டீசல் மிச்சம்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். சிரிப்போடு சேர்ந்து அந்த வாடை அவளை எட்டியது. குளிர்காலத்தில் குதிரையிறைச்சி அடைப்பதற்காகக் குடலைப் புரட்டிப் போட்டுக் கழுவுவார்களே, முதல் தண்ணீரில் எழும் அந்த வெதுவெதுப்பான வாடை. அவன் கோட்டில் இருந்தது. தலையணையில் இருந்தது. உறையைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தாள். காய்ந்த பின்னும் இருந்தது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஜபார் வேலியோரம் போனார். எர்மெக் சலாம் சொன்னான். அவர் நின்று, வண்டியைப் பார்த்து, முகத்தைக் கையால் தடவிக்கொண்டு போய்விட்டார்.

"கிழவனுக்குக் காது அடைச்சுடுச்சு," என்றான் எர்மெக்.

செத்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்து முடித்ததும் முகத்தை அப்படித் தடவிக்கொள்வார்கள்.

அன்று மதியம் அவனுக்குத் தெரியாமல் பட்டறைக்கு நடந்தாள். பட்டறைக்காரன் துகல்பாய் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தான். சோப்புத்தூளும் மணலும் போட்டுத் தேய்த்த கைகள் வெந்தவை போலச் சிவந்திருந்தன.

"அண்ணே, அறுத்த துண்டு இருக்கா?"

"பின்னால கெடக்கு. எதுக்கு?"

"திருப்பி மாட்டணும்."

"வெட்டினத ஒட்டவைக்க நான் என்ன டாக்டரா, தங்கச்சி?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "பிளாஸ்டிக்கத்தான் அறுத்தேன். தூள்தானே பறக்கணும்? ஈரமாத் தெறிச்சுது. இன்னும் நகத்துல இருந்து போக மாட்டேங்குது." தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினான். "எர்மெக் நல்ல மனுஷனா இருந்தான். யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல, பாவம்."

"இருந்தாரா? வீட்லதானே இருக்காரு."

துகல்பாய் அவளைப் பார்த்தான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்காதது போல இருந்தது. மறுபடி கைகளை வாளிக்குள் விட்டான்.

துண்டு கொல்லையில் பலகைகளின் மேல் கிடந்தது. அதே வெள்ளைச் சாயம், அதே பழைய கீறல்கள். ஆனால் அறுத்த விளிம்பு தடித்து உப்பியிருந்தது. சதை ஆறத் தொடங்கும்போது மூடுமே, அது போலப் பழுப்பாக ஏதோ மூடியிருந்தது. மூடிய இடம் மெல்ல அசைந்தது. குனிந்து பார்த்தாள். புழுக்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, அரிசி கொதிப்பது போல.

சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மாவுச்சாக்கில் அதைச் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டாள். வழியெல்லாம் ஏதோ கழுத்தில் ஊர்ந்தது. துண்டைக் கீழே போடவில்லை. இதைக் கட்டிவிட்டால் வண்டிக்கு வால் வந்துவிடும். வால் வந்தால் அவன் இருப்பான். அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது.

வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளே தொலைக்காட்சி பேசியது. நடுவில் எர்மெக்கின் இருமல். அந்த இருமல் அவளுக்குத் தெம்பாக இருந்தது. துண்டைக் கட்டக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் மண்டியிட்டாள்.

அன்று முழுக்க வண்டியை யாரும் எடுக்கவில்லை. முன்மூடியில் பனி கலையாமல் கிடந்தது. ஆனாலும் அந்தக் குட்டைக் குழாயைச் சுற்றிக் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. வாயிலிருந்து மஞ்சள் கொழுப்பு ஒரு நூலாக இறங்கி, அறுந்து, பனியில் விழுந்தது. மறுபடி இறங்கியது. கம்பியை அதன் பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

விரல் விளிம்பில் பட்டது.

இரும்பு இல்லை.

மெத்தென்றிருந்தது. ஈரம். உள்ளே மயிர்.

அது சுருங்கியது. விரலைப் பிடித்தது.

இழுத்தாள். விடவில்லை. இழுத்தாள். சொத்தென்ற சத்தத்தோடு விட்டது.

அப்போது அழுகைச் சத்தம் கேட்டது. தெருவிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். முன்னால் ஜபாரின் மனைவி. வேலிக்கதவைத் திறந்து உள்ளே வந்து, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி வரிசையாக நின்று, சாவு வீட்டு வழக்கப்படி இடுப்பில் கையூன்றி ஒப்பாரி வைத்தார்கள். மலையேறிப் போனவனே, எர்மெக்கே. ஏறிய குதிரை வந்து நிற்கிறதே, நீ எங்கே.

எர்மெக் கையில் கிண்ணத்தோடு வெளியே வந்தான்.

"யாருக்கு அழறீங்க? அக்கா, யாரு போயிட்டாங்க?"

ஒருவரும் திரும்பவில்லை. அவன் வரிசையின் முன்னால் போய் நின்றான். அவர்கள் கண்கள் அவனைத் தாண்டி அந்தக் குழாயின் மேலேயே இருந்தன. கிண்ணம் கையிலிருந்து நழுவியது. அவன் புருலிடம் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"என் பேரச் சொல்லி ஏன் அழறாங்க? நான் இங்கதானே நிக்கறேன். நீ சொல்லு புருல். நீ சொன்னா கேப்பாங்க."

சொல்வதற்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள். அவன் மூச்சு முகத்தில் விழுந்தது. வெதுவெதுப்பு. குடல் கழுவிய தண்ணீர். அவன் கீழுதட்டிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் இறங்கி, அறுந்து, அவள் கைமேல் விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் மெத்தென்று, ஈரமாக, சுருங்கின.

அவள் கையை உதறினாள். பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மற்றப் பெண்களோடு போய் நின்று, இடுப்பில் கையூன்றினாள். அழுகை தானாக வந்தது. அதற்குரிய சொற்களும் வந்தன. எல்லாரையும்விட அவள் குரல் ஓங்கி ஒலித்தது. பின்னால் எர்மெக் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.