நாணல் எழுத்து

"நான் சொல்லுததக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். வெள்ளிக்கிழம கப்பல். நான் ஏறத்தான் போறேன்."

"மைனி, போனா திரும்பி வர முடியாது..."

"திரும்பி வந்து இங்க யார் முகத்தப் பாக்க?"

மாரிச்செல்வி பெட்டியை அமுக்கி மூடினாள். நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் இசக்கிமுத்துவிடம் போய்ச்சேர, குலசேகரப்பட்டினம் ஏவுதுறையில் இடம் வாங்கிவிட்டாள். மறித்து நின்றவள் அவன் தங்கை அங்கயற்கண்ணி.

"அவரும் இப்பம் வராதே, வராதேன்னுதான் எழுதுதாரு. நீயும் அதையே பாடுத. அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சிருக்கியளோ?" மடிதிரையை விரித்துக் கடிதத்தைக் காட்டினாள். "பாரு, எவ்வளவு தன்மையா எழுதிருக்காருன்னு. இப்பல்லாம் கோவமே வரல."

அங்கயற்கண்ணி எழுத்தைத்தான் பார்த்தாள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான். உருவத்தைப் பார்த்த பிறகே படிப்பார்கள். இயந்திரம் எழுதியதெல்லாம் நிமிர்ந்த கட்டை எழுத்தில் வரும். மனிதர் எழுதியதற்கு மட்டுமே நாணல் என்ற எழுத்துரு. அப்படிச் சட்டம்.

நாணலை வரைந்தவளே அங்கயற்கண்ணிதான். பட்டைமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்தாற்போல ஏறும்போது மெலிந்து, இறங்கும்போது தடிக்கும் கோடு. பக்கம் பக்கமாகப் படித்தாலும் கண் நோகாது. அடிப்பவரின் விரலழுத்தத்தை வாங்கிக்கொண்டு ஒரே எழுத்து ஒவ்வொரு தடவையும் வேறாக விழும். இசக்கிமுத்து கோபத்தில் எழுதினால் கொம்பெல்லாம் குத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தே மாரிச்செல்வி சிரிப்பாள்.

"மைனி, இந்த 'க'வப் பாருங்க. கால் நீளம். அடுத்தது குட்டை. அதுக்கடுத்தது வளைவு. பொறவு மறுபடி நீளம், குட்டை, வளைவு. கடைசி வரி வரைக்கும் இதே வரிசை."

"அதுக்கென்ன இப்பம்?"

"மனுச விரல் இப்படி வரிசை வச்சு எழுதாது. விரல அழுத்த முடியாத, கை வெளங்காத நோயாளிகளுக்குன்னு எழுத்துக்கு மூணு வடிவம், தானா மாறி மாறி விழுத மாதிரி, சுரங்க ஆபீஸ்லேருந்து கேட்டாவ. இரக்கப்பட்டு வரைஞ்சு குடுத்தேன். அந்த வரிசைதான் இது." அவள் குரல் இறங்கியது. "காலைல சுரங்க ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டேன். மழைக்காலத்துலயே பாறை சரிஞ்சிட்டாம். அண்ணன் இல்ல மைனி. வெளிய தெரியக் கூடாதுன்னு மிஷின வச்சு எழுதிட்டு இருக்கானுவ."

மாரிச்செல்வி அழவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தாள். தூரத்தில் ஏவுதுறைச் சங்கு ஊதி ஓய்ந்தது. மடிதிரையை மடியில் பரப்பி, ஒவ்வொரு 'க'வாக விரலால் தடவிக்கொண்டே போனாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"மூணோட ஏம்ட்டி நிறுத்துன? இன்னும் நெறய வரைஞ்சு குடு அவனுவளுக்கு. எனக்குக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி."