கடைசிக் கட்டத்துப் பொம்மை

பூப்பாறை பஸ்ஸில் வந்து இறங்கிய சதீஷ் நேராக என்னிடம்தான் வந்தான். தேயிலை ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் அறைச் சாவி என்னிடம் இருக்கும். அங்கே கூட்டித் துடைப்பவள் நான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூக்கொழுகத் திரிந்தவன், இப்போது வெள்ளை ஷூவில் சேறு படாமல் நடக்கக் கற்றிருந்தான்.

ஃபேக்டரி வாசலில் ஒரு பழைய கறுப்புத் திரை உண்டு. வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள் தமிழில் வரிசையாக வரும். பெயருக்குப் பக்கத்தில் சரிக்குறி விழுந்தால் அன்றைக்கு நீங்கள் ஆஜர். இரண்டு வாரமாகப் பெயர்களுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அதைச் சரிசெய்யத்தான் எங்கள் துரை, எஸ்டேட் மேனேஜர், இவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இது துரை அவனிடம் தனியாகச் சொன்னது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அந்தத் திரைக்கு முதலில் எழுத்து வரைந்தவள் மோனிஷா, என் அடுத்த வீட்டுச் சாந்தம்மாளின் மூத்த மகள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்குக் கீழே ஓடையில் கிடந்தாள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள், விடுமுறை நாளில் அவள் வேலைக்கே வரவில்லை என்றது கம்பெனி. வேலையில் செத்திருந்தால் அவள் தங்கைக்கு வேலை கொடுக்கவேண்டும், வீடும் அவர்களுக்கே நிற்கும். இல்லையென்றால் காலி செய்யவேண்டும். எஸ்டேட்டில் வேலைசெய்ய ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் இடமில்லை. சாந்தம்மாளுக்கு மாதக் கடைசிவரை கெடு.

அதற்குப் பிறகு அந்த வீடு எனக்கு. அதுவும் துரை தனியாகச் சொன்னதுதான், என்னிடம்.

அறைக்குள் ஜன்னல் வழியாகப் பனிமஞ்சு இறங்கியிருந்தது. காயும் தேயிலையின் வாசம். சதீஷ் கம்ப்யூட்டரைப் போட்டு, மோனிஷா விட்டுப்போன எழுத்துக் கோப்பைத் திறந்தான். மவுஸ் இல்லை, வண்ணம் இல்லை. கறுப்பில் வெறும் குறிகள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் கட்டத்துக்குள், குறுக்கே எட்டு, நெடுக்கே பதினாறு. இருட்டுக்குப் புள்ளி, வெளிச்சத்துக்குப் பெருக்கல் குறி. ஒயர்க்கூடைக்கு எண்ணிப் பின்னுவதுபோல அந்தப் பெண் எழுத்துகளைப் பின்னியிருந்தாள். ‘ணை’ போல அகலமானதற்கு இரண்டு கட்டம். நான் துடைப்பத்தை வைத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வேலை நடக்கும் இடத்தில் நிற்காவிட்டால் எனக்குத் தலைவலி வரும்.

உடைந்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து கடைசிக் கட்டத்துக்கு வந்தான். சரிக்குறி இருக்கவேண்டிய இடம் அது.

அங்கே ஒரு பெண் நின்றாள்.

பெருக்கல் குறிகளால் ஒரு தலை, ஒரு பாவாடை, தொங்கும் இரண்டு கைகள். பொழுதுபோகாமல் வரைந்திருப்பாள் என்று சதீஷ் சிரித்தான். அழித்துவிட்டுச் சரிக்குறி போட்டான். வேறோர் எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

பெண் நின்றாள். வலது கை ஒரு புள்ளி உயர்ந்திருந்தது.

மறுபடி அழித்தான். மறுபடி வந்தாள். கை இன்னொரு புள்ளி மேலே.

அப்போதுதான் வாடை வந்தது. கருகிய முடியின் வாடை. அதன் மேலே சீயக்காய்.

அவன் மூக்கைச் சுருக்கினான். எனக்கு அது தெரிந்த வாடை. மோனிஷாவைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஓடையில் விழுந்தவளுக்குக் கூந்தல் கருகியிருந்தது. வலது சுட்டுவிரலின் நுனி கரியாக இருந்தது. பெற்றவளுக்கு வாடை தெரியக்கூடாதென்று சீயக்காயை அள்ளி அள்ளிப் பூசியவள் நான்தான்.

சதீஷ் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, இந்தக் கோப்ப கடைசியாத் திருத்துன தேதியப் பாருங்க. அந்த ஞாயித்துக்கிழமை, பகல் பதினொண்ணு நாப்பது. அவ இங்கதான் இருந்திருக்கா.”

நான் திரையைப் பார்க்கவில்லை.

“நான் சேமிச்சா இந்தத் தேதி போயிரும். அவ உள்ள போனத நீங்க பாத்தீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா, இத அப்படியே லேபர் ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டிருவேன். தனியா நின்னா என்னயத் தூக்கிருவாங்க.”

பார்த்தேன்தான். பத்து மணிக்குத் தூக்குச்சட்டியோடு கேட்டுக்குள் போனாள். லீவு நாளில் எங்கே என்று கேட்டதற்கு, “துரை வரச் சொன்னாரு சித்தி, நாளைக்கு ஆபீசருங்க வாராங்களாம்” என்றாள். மழையில் ஒழுகும் அறை அது. கரண்ட் ஒயரெல்லாம் தோல் உரிந்து சுவரோரமாகத் தொங்கும்.

“நிரந்தர வேல வேணாமாடா ஒனக்கு?” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

அவன் திரைப் பக்கம் திரும்பினான். பிறகு சேமித்தான்.

தேதி மாறவில்லை. அதே ஞாயிறு. அதே பதினொன்று நாற்பது.

மறுபடி சேமித்தான். மறுபடியும் அதே ஞாயிறு. கடைசிக் கட்டத்தில் கை தோள்வரை வந்திருந்தது. சதீஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். போகும்போது ஷூவில் சேறு படுவதைப் பார்க்கவில்லை. துரையின் ஆட்கள் அன்றைக்கே அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போய் உடைத்தார்கள்.

மாதக் கடைசியில் சாந்தம்மாள் இரண்டு மூட்டையோடும் சின்ன மகளோடும் மறையூரிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொடுத்தேன். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“ஊருக்கே சேதி சொல்லுவியே சித்ரா, எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டியே.”

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது நடுச்சுவரை இடித்து இரண்டு வீட்டையும் ஒன்றாக்கிவிட்டேன். ஃபேக்டரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று, வாசலில் புதுத் திரையும் மாட்டியாயிற்று. எல்லார் பெயருக்கும் பக்கத்தில் அழகான சரிக்குறி விழுகிறது. என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். “ஒனக்கு மட்டும் ஏன்க்கா பொம்மை?” என்று சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன் தினமும் கேட்கிறான். லயம் முழுக்க இப்போது அதே பேச்சு. நான் வந்தால் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்று காலை அந்தக் கை முழுதாக நீண்டு என் பெயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

விரல் நுனியில் ஒரு புள்ளி மட்டும் கறுத்திருந்தது.