நன்றி, மிஸ்பா

காலை ஏழு மணிக்குத்தான் லாரி இல்லை என்பது தெரிந்தது.

குணபாலன் மண்டியின் முற்றத்தில் லாரி நின்ற இடத்தில் பத்துப் பன்னிரண்டு மல்லாட்டைக் காய்கள், வேர்க்கடலைதான், சிதறிக் கிடந்தன. இரண்டு அணில்கள் உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. நேற்றுச் சாயங்காலம் அங்கே ஒரு லாரி நிறைய விதை மல்லாட்டை நின்றது. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு விதைப்புக்காகப் பேசி வைத்தது.

சாகிரா வந்து சேர்ந்தபோது ராஜகிரி மலைக்கு அடிவாரமே இல்லை. பனி அதை விழுங்கிவிட்டு, உச்சிக் கோட்டையை மட்டும் ஆகாயத்தில் விட்டு வைத்திருந்தது. சாகிராவும் கிட்டத்தட்ட மிதந்துகொண்டுதான் வந்தாள். நோன்பு மாதம் முழுக்க விடிவதற்கு முன்பே எழுந்து பழகிய உடம்பு, பெருநாள் போய் நாலு நாள் ஆகியும் பழைய தூக்கத்துக்குத் திரும்ப மாட்டேன் என்றது. பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்த அரைக்கண்ணை நம்பி அவளிடம் கதை அளந்தவர்கள் பிற்பாடு திருதிருவென்று விழித்திருக்கிறார்கள்.

அவளை வரச் சொன்னது திருட்டுக்காக அல்ல. இதுவரை மண்டிக் கம்ப்யூட்டருக்கே ஒரே ஒரு பாஸ்வேர்டு. அது குணபாலனின் மகள் பெயர். டீ கொண்டு வருகிறவருக்கும் தெரியும். இனி யார் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று ஆளுக்கு ஆள் பிரித்து வைக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று குணபாலன் தேடினார். இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. ஒன்று, போனுக்குக் கேள்வி அனுப்பி 'ஆம்' என்று அழுத்தச் சொல்லும் வகை. இன்னொன்று கைரேகை வகை; அதன் மெஷின் ஒன்றைச் சோதனைக்காகக் கேட்டில் மாட்டி வைத்திருந்தார்கள். இரண்டில் எது என்று இன்றைக்குச் சாகிரா சொல்ல வேண்டும்.

"உனக்கு வேலையே இல்லம்மா," என்றார் குணபாலன். மேல்சித்தாமூர்க்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். இன்று அவர் குரல் உயர்ந்திருந்தது. "மெஷினே திருடியைக் காட்டிக் குடுத்துடுச்சு. கைரேகையையே வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"யாராம் ஐயா?"

"நம்ம மிஸ்பா."

சாகிராவின் தூக்கம் கொஞ்சம் கலைந்தது. மிஸ்பா கணக்கு எழுதுகிற பெண். நாலு வருஷமாக இந்த மண்டியில் இருக்கிறாள். ஆபீஸ் அறையின் மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே புளிய மரத்தடியில் அவளுடைய அப்பா அமீர் ஜான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். காலையிலேயே ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள்.

"பத்து மணிக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடப் போறேன்," என்றார் குணபாலன். அதன் பிறகு மிஸ்பாவுக்கு இந்த ஊரில் என்ன பேர் மிஞ்சும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாகிரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே கால்.

கைரேகைக் கம்பெனியின் ஆள் எழிலன் முந்திக்கொண்டு பேசினான். திண்டிவனத்துப் பையன், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. நாலு நாளாக இங்கேயே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறான்.

"பெருநாளுக்கு மறுநாளே எல்லாரையும் மெஷின்ல ஏத்திட்டேன் மேடம். ஒருத்தர் விரல்கூட தட்டிப் போகல. எல்லாருக்கும் பச்சை. நேத்து பொழுது சாயற நேரத்துல கேட் மெஷின்ல விரல் வெச்சது மிஸ்பா மேடம்தான். இதுல பொய் சொல்ல முடியாது."

"நேரம் பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க," என்றார் குணபாலன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பம் அவருடையது. அந்த நேரத்தில் அவர் மண்டியில் இருக்க மாட்டார் என்பது முற்றத்து அணிலுக்கும் தெரியும். லாரியைத் தள்ளித் தள்ளி நிறுத்த வசதியாகச் சாவி எப்போதும் வண்டியிலேயே கிடக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

காவலாளி முருகையனைக் கூப்பிட்டார்கள்.

"இன்னா பார்த்தீங்க?" என்றாள் சாகிரா.

"ஒண்ணும் பாக்கலம்மா. பின்னாடி மோட்டார் நிறுத்தப் போயிருந்தேன். கேட்டாண்ட மெஷின் பேசிச்சு. 'நன்றி, மிஸ்பா'ன்னு. நல்லா இனிமையா சொல்லிச்சு. சரி, ஐயா சொல்லி வண்டி போவுதுன்னு இருந்துட்டேன்."

"மிஸ்பாவைப் பார்த்தீங்களா?"

"மெஷினே சொல்லிச்சேம்மா. அப்புறம் நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?"

சாகிராவுக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவியோடு எழிலன் பக்கம் திரும்பினாள்.

"லாரி எங்க போயிருக்கும் தம்பி?"

"தூரம் போயிருக்காது மேடம். சிங்கவரம் பக்கம் தோப்பு தொரவுல தேடினா கிடைச்சிடும். இந்த மாதிரி வண்டியை முதல்ல மறைச்சு வெச்சுட்டுத்தான் சரக்கை மாத்துவாங்க. எங்க நைனாவும் லாரி டிரைவர்தான், எனக்கு இதெல்லாம் தெரியும்."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"சின்ன வயசுல ஓட்டினது," என்று சிரித்தான்.

சாகிரா மிஸ்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து எங்க இருந்தே?"

"பஸ் ஸ்டாண்டுலக்கா. பஸ்ஸை விட்டுட்டேன். அடுத்ததுக்கு உக்காந்திருந்தேன். யாரும் தெரிஞ்சவங்க இல்ல."

"கேட் மெஷினைத் தொட்டியா?"

"ஏத்துன அன்னிக்கித் தொட்டதுதான். எனக்கு வேலை ஆபீஸ்லதானே. அன்னிக்கும் ரெண்டு மூணு தடவ 'மன்னிக்கவும்'னுச்சு. அப்புறம் இந்த மெஷின்காரர் 'ஆயிடுச்சு, நீங்க போங்க'ன்னாரு. வந்துட்டேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பெருநாளுக்கு இட்ட மருதாணி. பத்து விரல் நுனியிலும் தொப்பி வைத்தது போலச் சிவப்பு. ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

சாகிரா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு இடுப்பு வந்தது, பிறகு தொடை வந்தது. அவளுக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பெருநாளுக்குப் பிறகும் அங்கே ஒரு கூத்து நடக்கும். பெண்கள் விரலை வைப்பார்கள், துடைப்பார்கள், மறுபடி வைப்பார்கள். மெஷின் கேட்காது. கடைசியில் மருதாணி வைக்காத வீட்டு ஆம்பளை யாரையாவது கூட்டி வரச் சொல்லுவார்கள். கண் திறந்தபடியே தூங்குகிறாளோ என்று குணபாலன் கனைத்தார்.

"ஐயா, மிஸ்பாவைக் கேட் மெஷினாண்ட கூட்டிப் போலாமா?"

"வேணாம் மேடம்," என்றான் எழிலன். "போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு காலையிலயே சொல்லிட்டேன். ரெக்கார்டு கலைஞ்சிடும்."

"விரல் வெச்சா ரெக்கார்டு கூடும் தம்பி, கலையாது. மெஷின் விக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எல்லாரும் கேட்டுக்குப் போனார்கள். அமீர் ஜானும் எழுந்து கொஞ்சம் தள்ளி வந்து நின்றார்.

மிஸ்பா வலது கட்டை விரலை வைத்தாள். 'மன்னிக்கவும்' என்றது மெஷின். தாலாட்டுப் பாடுகிற குரல். ஆள்காட்டி விரல். மன்னிக்கவும். நடு விரல். மன்னிக்கவும். பத்து விரலும் முடிந்தன. பத்து முறையும் அது அவளிடம் மன்னிப்புக் கேட்டது.

"மருதாணிதான் காரணம்," என்றான் எழிலன் அவசரமாக. "இப்ப எடுக்கல. மத்த நேரத்துல எடுத்திருக்கும்."

"எப்ப? நேத்து சாயங்காலமா?"

"ஆமா."

"நேத்து இதைவிடச் செவப்பு. நீங்க ஏத்துன அன்னிக்கி, பெருநாளுக்கு மறுநாள், இன்னும் செவப்பு. மருதாணி நாளாக ஆக வெளுக்கும் தம்பி, செவக்காது. வெளுத்தப்பவே எடுக்காத விரலை முத்துன செவப்புல உங்க மெஷின் எப்படி எடுத்துச்சு?"

முருகையன் தலையைச் சொறிந்துகொண்டார். குணபாலன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப மிஸ்பா பேர்ல இருக்கிறது யார் விரல்?"

"அன்னிக்கி 'ஆயிடுச்சு, போங்க'ன்னு அவளை அனுப்பிட்டு, மெஷினைக் கையில வெச்சிருந்தவரோட விரல். எல்லாருக்கும் பச்சை காட்டினாத்தானே நீங்க வாங்குவீங்க. ஒருத்தி விரல் மட்டும் விழலைன்னா போன் கம்பெனி ஜெயிச்சிடும். அது சின்னப் பித்தலாட்டம், அதோட நின்னிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. எழிலன், விரலை வைங்க."

அவன் வலது ஆள்காட்டி விரலை வைத்தான். மன்னிக்கவும். அடுத்தது. மன்னிக்கவும்.

"இடது கை."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். குணபாலன், ஓர் எறும்பைக்கூட விலக்கி நடக்கிற மனிதர், அந்தக் கையைத் தாமே பிடித்து முன்னால் கொண்டுவந்தார். மோதிர விரல் கண்ணாடியில் பட்டதும் கேட் கம்பி மெல்ல மேலே போனது.

"நன்றி, மிஸ்பா," என்றது மெஷின், அவ்வளவு இனிமையாக.

"ஒரு மூட்டைகூட எடுக்கல ஐயா," என்றான் எழிலன். "சிங்கவரத்துத் தோப்புலதான் நிக்குது. இன்னிக்கிக் கிடைச்சிடும்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டுல எதுன்னு யோசிச்சிட்டே இருந்தீங்க. ஒரு திருட்டு நடந்து, மெஷின் பேரைச் சொன்னா உடனே வாங்கிடுவீங்கன்னு..."

"அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இருக்குதேடா," என்றார் குணபாலன். அவர் யாரையும் 'டா' போட்டுப் பேசி முருகையன் கேட்டதில்லை.

எழிலனை உட்கார வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்கள். டிரைவர் ஒருவர் சிங்கவரத்துக்குப் போனார். குணபாலன் சாகிராவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இனிமே எதைத்தான்மா வாங்கறது?"

"எது வேணா வாங்கலாம் ஐயா. விரலோ போனோ. ஒரு ஆளைப் புதுசா உள்ள சேர்க்கும்போது, சேர்க்கிறவரே சரின்னு முடிச்சிக்கக் கூடாது. இன்னொருத்தர் அந்த ஆளை நேர்ல பார்த்து ஒப்புக்கணும். அதுக்கு வழி இருக்கிற சாஃப்ட்வேரா கேளுங்க. பூட்டு எவ்ளோ பெருசுன்னு பார்த்தோம், மொத சாவி யார் கைக்குப் போச்சுன்னு பாக்கல."

குணபாலன் தலையாட்டினார். பிறகு மிஸ்பாவின் முன்னால் போய், எல்லாரும் பார்க்கக் கை கூப்பினார்.

"தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சிடு."

மிஸ்பா அவர் கையை இறக்கிவிட்டாள்.

"நீங்க கேட்டது பரவாயில்ல ஐயா. நீங்க மொதலாளி, மெஷின் சொல்லிச்சு, கேட்டீங்க. வீட்டுக்கு ஆள் வந்து சொன்னப்ப எங்க நைனா என் மூஞ்சைப் பார்த்து 'நீயாம்மா?'ன்னு கேட்டாரு. அதுக்கு யாரு இன்னா பண்றது?"

சாகிராவின் தூக்கம் எல்லாம் எங்கோ போய்விட்டது. சற்றுத் தள்ளி நின்ற அமீர் ஜான் தொப்பியைத் தலையில் வைக்கப் போய், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

ஒன்பதரைக்கு லாரி வந்தது. தார்ப்பாய் முழுக்க மாவிலை ஒட்டியிருந்தது. அமீர் ஜான் மகளிடம் வந்தார்.

"வீட்டுக்குப் போலாம்மா."

"மூட்டையெல்லாம் சரி பார்த்து இறக்கணும் நைனா. என் வேலை அது. நீ போ."

அவள் திரும்பிப் பார்க்காமல் லாரியை நோக்கி நடந்தாள். வெயில் ஏறிவிட்டது. சாகிரா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அமீர் ஜான் மறுபடியும் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் அந்த வழியாகத் திரும்பியபோதும் அங்கேயேதான் இருந்தார்.