கல்மேடையில் ஏறிய ரொட்டி வண்டி

ரொட்டிக்கடை அம்மாவின் மகளுக்கு வீட்டில் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வாயாடி என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். தூக்கத்தில்கூடப் பேசுகிற பெண். பக்கத்துக் கட்டிலில் படுக்கிற அண்ணன், பாவம், அத்தனையையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

அந்த வாயாடியே வாயடைத்து நின்ற காலை ஒன்று வந்தது.

விடிந்ததும் அம்மா சூடான ரொட்டித் தட்டுகளோடு வாசலுக்கு வந்தார். வண்டியைக் காணோம். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரொட்டி கொண்டுபோகிற மஞ்சள் நிறக் குட்டிக் கார் அது. பதறிப்போய்த் தேடிக்கொண்டு ஓடினால், கடைவீதி நடுவிலுள்ள கல்மேடையின் மேல் ஒய்யாரமாக நிற்கிறது. இடுப்பு உயர மேடை. படி இருக்கிறதுதான். ஆனால் கார் படியேறுமா என்ன?

யார் செய்தார்கள் என்று துப்பறிய வேண்டிய வேலையே இல்லை. மேடைக்குப் பக்கத்தில் ஆறு அக்காக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நடக்கவிருந்த பளுதூக்கும் போட்டிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த அணி. காலையில் ஓடப் போனவர்களில் ஒருத்தி, இந்தக் காரைத் தூக்க முடியுமா என்று கேட்டாளாம். கேட்டால் சும்மா இருப்பார்களா? தூக்கிவிட்டார்கள்.

அதற்குள் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். இறக்கி வைத்துவிடுகிறோம் என்று அக்காக்கள் கையைக் காட்டிக் கெஞ்சினார்கள். அவர் விடவில்லை. கார் இப்போது சாட்சிப் பொருளாம், விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாதாம். ரொட்டி ஆறிப் போனது. அம்மாவோ கொதித்துக்கொண்டிருந்தார்.

தபால் நிலையத்துக்கு மேல் மாடியில்தான் கோர்ட். அன்று அங்கே எள் விழ இடமில்லை. நீதிபதி அம்மா வந்து உட்காருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே போடணும் என்றார் ஒருவர். போட்டியில் சேர்க்கவே கூடாது என்றார் இன்னொருவர். அதே போட்டியில் நம் ஊர் அணியும் இருந்தது. இவர்களை விரட்டிவிட்டால் கோப்பை நமக்குத்தான் என்று சிலர் மனசுக்குள் கணக்குப் போட்டதும் உண்மைதான்.

எல்லாரையும்விட உரக்கக் கத்தியது யார் தெரியுமா? வாயாடியின் அண்ணன்.

ஆறு அக்காக்களும் இப்போது சிரிக்கவில்லை. அவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு புரியாது. ஆனால் கோபம் புரியாமல் போகுமா? கடைசியில் நின்ற சின்ன அக்கா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இதுதான் அவளுடைய முதல் போட்டி என்று அவர்களுடைய மேனேஜர் சொன்னார். பிறகு, தலைவியான கொண்டை அக்கா பேசியதை அவர் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தார்.

"தப்பு எங்க மேலதான். இந்த ஊர்ல இதுக்கு என்ன தண்டனைன்னு எங்களுக்குத் தெரியாது. என்ன வழக்கமோ அதையே குடுங்க."

நீதிபதி ரொட்டிக்கடை அம்மாவைப் பார்த்தார். நஷ்டம் உங்களுக்குத்தான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"இன்னைக்கே ஊரை விட்டு அனுப்புங்கம்மா," என்றார் அம்மா.

கூட்டம் கைதட்டியது. வாயாடிக்கு மட்டும் கை எழவில்லை. அவளுக்கும் அம்மாவின் வண்டி மேல் பாசம் உண்டு, கோபமும் உண்டு. ஆனால் 'என்ன வழக்கமோ' என்று கொண்டை அக்கா கேட்டது அவள் மனசைக் குடைந்தது. இந்த ஊர் வழக்கம் அவளுக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் அண்ணன் மாட்டுவான். சொல்லாவிட்டால் அந்தச் சின்ன அக்கா அழுதுகொண்டே ஊருக்குப் போவாள்.

அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். இருந்தாலும் எழுந்தாள்.

"ஜட்ஜம்மா, போன வருஷம் எங்க அண்ணனோட ஃபுட்பால் டீம் கோப்பை ஜெயிச்சப்போ, சலூன் நாற்காலியத் தூக்கிட்டு வந்து இதே கட்டடத்தோட மொட்டைமாடியில வச்சாங்க. அதுக்கு என்ன தண்டனை குடுத்தீங்க?"

அண்ணன் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இறக்கி வைக்கச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிச்சேன்," என்றார் நீதிபதி மெதுவாக.

"அப்போ இவங்களுக்கும் அதேதானேம்மா? நம்ம பசங்க செஞ்சா விளையாட்டு, வெளியூர்க்காரங்க செஞ்சா குத்தமா?"

அம்மா அவள் தொடையைக் கிள்ளினார். வலித்தது. உட்கார்ந்துவிட்டாள். அப்போது பின் வரிசையிலிருந்து சலூன்காரர் எழுந்தார்.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். பாப்பா சொல்றது சரிதாம்மா. என் நாற்காலி இன்னும் ஆடுது. முடி வெட்ட வர்றவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்றாங்க."

"அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்களே?" என்றார் நீதிபதி.

"ஊரே சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா அழறது?"

கைதட்டியவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டினார். போன வருஷம் தான் கொடுத்தது பாதித் தீர்ப்புதான் என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். ஒரு நீதிபதி அப்படிச் சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

"இப்போ முழுசாச் சொல்றேன். ரெண்டு டீமுக்கும் ஒரே தீர்ப்பு. கெடுத்ததைச் சரி பண்ணணும். உங்களால நின்னுபோன வேலையச் செஞ்சு முடிக்கணும். ரொட்டிக்கடைக்காரம்மாவும் சலூன்காரரும் போதும்னு சொல்ற வரைக்கும். நாளைக்குப் போட்டி வழக்கம்போல நடக்கட்டும்."

மேனேஜர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சின்ன அக்கா மறுபடி அழுதாள். இது வேற அழுகை. அண்ணன் வாயாடியின் காதருகே குனிந்தான்.

"சொந்த அண்ணனுக்கே சூனியம் வச்சிட்டியேடி," என்று பல்லைக் கடித்தான்.

அக்காக்கள் காரைத் தூங்குகிற குழந்தையைப் போல மெல்ல இறக்கினார்கள். ஆறிய ரொட்டியை அம்மா அடுப்பில் சூடாக்கிக் கொடுக்க, அவர்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டமாக ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்புறம் மாவு மூட்டைகள். வழக்கமாக அம்மா ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து மாடிக்கு ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். சின்ன அக்கா தோளுக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி படியேறினாள். அம்மா வாயைப் பிளந்தபடி பார்த்தார். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார், முடியவில்லை. கடைசி மூட்டை ஏறுவதற்குள் ஆறு பேருக்கும் வெண்ணெய் தடவிய பன் தயாராகிவிட்டது. போதும் என்று அம்மா சொன்ன பிறகும், தூக்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று கொண்டை அக்கா சைகையில் கேட்டாள்.

சலூனில் அண்ணனின் டீம் வியர்த்து வழிந்தது. நாற்காலியைப் பழுது பார்ப்பதும், சலூன்காரர் உட்கார்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவதுமாகச் சாயங்காலம் வரை போனது. வீட்டுக்கு வந்த அண்ணன் வாயாடியின் தலையில் ஒரு குட்டு வைத்தான். வலிக்காத குட்டு.

"கேட்டது சரிதான். அடுத்த தடவை எனக்கு முன்னாடியே சொல்லிட்டுக் கேளு," என்றான்.

மறுநாள் போட்டி அரங்கில் ஊரே கூடியிருந்தது. அதுவரை நம் ஊர் அணிதான் முன்னால் இருந்தது. கடைசியாகச் சின்ன அக்கா வந்தாள். கம்பியைப் பிடித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு தலைக்கு மேலே தூக்கி, அசையாமல் நின்றாள். தங்கப் பதக்கம் அவளுக்குத்தான், கோப்பை அவர்கள் அணிக்கு. நம் ஊர் அணிக்கு இரண்டாம் இடம்.

ஒரு நொடி அரங்கமே யோசித்தது, நம்மவர்கள் தோற்றதற்குக் கைதட்டலாமா என்று. அதற்குள் ஒருத்தர் பெஞ்சின் மேலேறி நின்று தட்ட ஆரம்பித்துவிட்டார். பார்த்தால், வாயாடியின் அம்மா. அப்புறம் ஊரே தட்டியது.

"வெளியூர்ப் பொண்ணுக்கு இவ்வளவு கைதட்டலா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"வெளியூராவது ஒண்ணாவது," என்றார் அம்மா பெருமையாக. "நேத்து எங்க மாவு மூட்டையத் தூக்கின கைங்க அது!"