வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை

காலை ஆறு மணிக்கு எழுந்ததும் சொரிமுத்து நேராகத் தன் காரிடம் போய், "எங்க, வாயைத் தொற" என்றார். கார் முன்மூடியைத் திறந்து காட்டியது. அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். குளிர்நீர் அளவு, பம்பின் சத்தம், குழாய்களின் மூட்டு, மின்கலத்தின் சூடு, ஆறு சக்கரங்களின் பற்கள். மொத்தம் இருபத்தொரு சோதனைகள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குக் காபி.

செவ்வாயின் புதுக்கடையம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதுதான் காலைக் கடன். ஊரை மூடிய கூரைக்கு வெளியே மூச்சுவிடக் காற்றில்லை. வண்டி நடுவழியில் நின்றால் உள்ளே இருப்பவர் கதையும் அங்கேயே நின்றுவிடும். அதனால் குழந்தைகள் அகரவரிசைக்கு முன்பே விளக்குவரிசை படித்தார்கள்: மஞ்சள் எரிந்தால் அன்றைக்கே பட்டறை, சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. ஒரு வீட்டு வண்டிக்கு மஞ்சள் எரிந்தால் தெருவே திரண்டு வந்து நலம் விசாரிக்கும். சிவப்பு எரிந்தும் ஓட்டியவர் என்று மூன்று தலைமுறையில் ஒருவர்கூட இல்லை.

மனிதர்களுக்கும் விளக்கு இருந்தது. பிறந்த பத்தாம் நாள் இடது காறையெலும்பின் கீழே மிளகளவில் ஒரு கருவியைப் பதித்துவிடுவார்கள். அதன் பெயர் உடற்சுடர். இதயம், இரத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் கவனித்து அதுவும் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். மனித விளக்கு மஞ்சளானால் என்ன செய்வார்கள்? கடைக்குப் போய்ச் சுடர்மறைப்பு வாங்குவார்கள். பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்வது. சேலைக்குப் பொருத்தமாக நாற்பது நிறங்களில் கிடைத்தது. கல்யாணத்துக்குக் கல் வைத்தது தனி. ஆண்களுக்குத் தோல் நிறத்தில், அட்டைக்குப் பன்னிரண்டு.

சொரிமுத்துவுக்கு எட்டு மாதமாக மஞ்சள். மூன்று நாளாகச் சிவப்பு. மறைப்பையும் மீறி வெளிச்சம் தெரிந்ததால் மேலே இன்னொன்று ஒட்டியிருந்தார்.

மறைப்பு கண்ணுக்குத்தான் தடை. உடற்சுடரின் அலை அவருடைய காருக்கு வந்துகொண்டேதான் இருந்தது. காரின் பெயர் வைரம். சொந்த மூளை உள்ள வண்டி. அவரை அண்ணாச்சி என்றும், அவர் மனைவி பிரம்மசக்தியை மதினி என்றும் கூப்பிடும். "அண்ணாச்சி, ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்துருவமா?" என்று எட்டு மாதமாகக் கேட்டது. "ஓடுத வரைக்கும் ஓடட்டும்ல. நீ ஒன் சோலியப் பாரு" என்று எட்டு மாதமாகப் பதில் வந்தது. ஒருவர் உடம்பைப் பற்றி மருத்துவமனையைத் தவிர வேறு யாரிடமும், கட்டிய மனைவியிடம்கூட, வண்டி வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

அன்று அவர்கள் மகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். இளவேனில் ஏழு வருடமாகப் பூமியில் பனிக்கிணறு தோண்டும் பொறியியல் படித்தவள். இப்போது சனியின் துணைக்கோளான டைட்டனுக்கு வேலைக்குப் போகிறாள். திரும்பி வரப் பதினான்கு வருடம். அவள் கப்பல் போகிற வழியில் மேட்டுத்துறை விண்நிலையத்தில் பத்து மணிக்கு இறங்கும், பதினொன்றரைக்குக் கிளம்பிவிடும். அங்கே போக நூற்று நாற்பது கிலோமீட்டர். எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். வைரம் தானே ஓடும் வண்டிதான். ஆனாலும் ஸ்டியரிங்கைச் சொரிமுத்துதான் பிடித்திருந்தார். மகளைப் பார்க்கப் போகும்போது சும்மா உட்கார்ந்து போவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

ஒன்பது பத்துக்கு, எண்பது கிலோமீட்டர் தாண்டிய இடத்தில், முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணாச்சி, எனக்குச் சூடு ஏறிட்டு. ஓரங்கட்டுங்க."

அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. மகள், கப்பல், பதினான்கு வருடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தன.

"ஏல, நேரங்கெட்ட நேரத்துல இது என்னல! இப்பதான குளிர்நீர் மாத்துனேன்!"

வெளியே பூச்சியத்துக்குக் கீழே அறுபது டிகிரி உறைகுளிர். அந்தக் குளிரிலும் வண்டி கொதிப்பது அங்கே சாதாரணம். செவ்வாயின் காற்று அவ்வளவு மெலிது. சூட்டைத் தூக்கிக்கொண்டு போக அதற்குத் தெம்பில்லை.

"சரி, பதறாத. உள்ள ஹீட்டரை முழுசா வைக்கேன். எஞ்சின் சூட்டை அது இழுத்துக்கிடும்," என்றார் சொரிமுத்து. பூமியில் பெட்ரோல் கார் இருந்த காலத்திலிருந்து சொல்லிவரும் சரியான வைத்தியம் அது.

"வேண்டாம் அண்ணாச்சி. இது அந்தச் சூடு இல்ல."

"அப்ப மூடியைத் தொறந்து தண்ணி ஊத்தட்டா?"

"கொதிக்கையில மூடியைத் தொறக்கலாமா? முகமெல்லாம் வெந்துரும்னு ஊருக்கே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"அதுவும் சரிதான்," என்றார், புகழ்ச்சியில் கொஞ்சம் குளிர்ந்து. "பின்ன என்னதான் செய்ய?"

வைரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் யோசித்தது. ஒரு வண்டிக்கு அது நீண்ட யோசனை.

"மொதல்ல இருக்கையைப் பாதி பின்னால சாயுங்க. முழங்காலை மடக்கி வச்சுக்கிடுங்க. எடை முன்னால இருந்தா ரேடியேட்டரை அமுக்குது."

"நான் என்ன அம்புட்டு எடையாவா இருக்கேன்?"

"நாலு வருசமா அந்தச் சட்டைப் பொத்தானு என்ன பாடுபடுதுன்னு எனக்குத்தான் தெரியும். சாயுங்க," என்றாள் பிரம்மசக்தி.

"அந்தப் பொத்தானையும் கழத்திருங்க. காத்தோட்டம் வேணும்," என்றது வைரம்.

"ஒனக்கா எனக்கா?"

"வண்டிக்குள்ள எல்லாம் ஒரே காத்துதான அண்ணாச்சி. மதினி, முதலுதவிப் பெட்டியில வெள்ளை மாத்திரை இருக்கும். அதுல ஒண்ணை அண்ணாச்சி மென்னு முழுங்கணும்."

சொரிமுத்து சாய்ந்த இருக்கையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வண்டிச் சூட்டுக்கு நான் எதுக்குல மாத்திரை திங்கணும்?"

"உங்க மூச்சோட ஈரம் என் குழாய்க்குள்ளதான் சுத்துது. அதுல உப்பு படிஞ்சு போச்சு. அந்த மாத்திரையைப் போட்டா மூச்சுல புளிப்பு ஏறும். உப்பைக் கரைச்சிரும்."

வண்டிகள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எந்த வண்டியும் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

பிரம்மசக்தி முன்பலகையைப் பார்த்தாள். சிவப்பு விளக்குக்குப் பக்கத்திலேயே சூட்டின் அளவு இருந்தது. எண்பத்திரண்டு. தினமும் இருப்பதுதான். பிறகு கணவனைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை, உதட்டில் சாம்பல் நிறம். இடது கையை வலது கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். குரலை எப்போதும் போல வைத்துக்கொண்டாள்.

"வண்டி சொல்லுதுல்லா? நம்ம வைரம் என்னைக்காவது தப்பாச் சொல்லியிருக்கா? வாயைத் தொறங்க."

மாத்திரையை மென்றார். அடுத்து ஆக்சிஜன் முகமூடி. வால்வு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும், பேசினால் அளவு மாறிவிடும் என்றது வைரம். சொரிமுத்து கடமை தவறாமல் இழுத்து விட்டார். ஒன்பதரைக்கு ஒருமுறை முகமூடியைத் தூக்கினார்.

"பிள்ளையப் பாக்கணும்லா, வைரம்..."

"பாப்போம் அண்ணாச்சி. கணக்குப் போட்டுத்தான் நிறுத்தியிருக்கேன்."

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்ற கணக்கையும் அது போட்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிரம்மசக்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, செந்தூசியைப் பார்த்தபடி கேட்டாள். "ஏல, ஒனக்கு... சூடு குறையுதா?"

"குறையுது மதினி."

"நெசமாவா?"

"சிவப்பு மங்கி மஞ்சளாயிட்டு வருது. பயப்படாதீங்க."

இருவரும் பேசிக்கொண்டது வண்டியைப் பற்றி அல்ல.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு முன்பலகை விளக்கு அணைந்தது. சொரிமுத்து முகமூடியைக் கழற்றி, போர் ஒன்றை முடித்துவிட்டு வந்தவரைப் போலச் சிரித்தார்.

"பாத்தியா சக்தி! ஒரு மெக்கானிக் கெடையாது. ஒரு ஸ்பேனரைத் தொடல. படுத்துக்கிட்டே சரி பண்ணிட்டேன்!"

"ஒங்களுக்கு யாரு நிகரு," என்றாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டாள். காற்றுப் புகாத வண்டிக்குள் தூசி எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

கையால் ஓட்டினால் மறுபடி சூடு ஏறும் என்று சொல்லி, மீதி அறுபது கிலோமீட்டரையும் வைரமே ஓட்டியது. ஒரு குழியில்கூட இறங்காமல், நிறைமாதக்காரியை ஏற்றிப் போவது போல. சரியாகப் பதினொரு மணிக்கு மேட்டுத்துறை வாசல் வந்தது. அங்கே வெள்ளை உடையில் நான்கு பேர் சக்கர நாற்காலியோடு காத்திருந்தார்கள்.

"இப்ப வந்து என்னத்துக்கு? எல்லாம் நானே சரி பண்ணியாச்சு," என்றார் சொரிமுத்து. "வேணும்னா வண்டியப் பாருங்க."

அவர்கள் வண்டியைப் பார்க்கவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கப்பல் வாசலுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேயிருந்து ஓடி வந்தாள் இளவேனில். கட்டிப்பிடித்தவள் ஒயர்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கையில் இருந்ததே அரை மணி நேரம். அதில் கால் மணி நேரத்தை வண்டியைத் தான் சரிசெய்த கதைக்குச் செலவழித்தார் சொரிமுத்து. மகள் அவர் கையை விடாமல், "பொறவு?" "பொறவு என்ன செஞ்சீங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"டைட்டன்ல எனக்கும் ஒரு வண்டி குடுப்பாங்க. சூடு ஏறுனா நான் என்னப்பா செய்யணும்?"

"மொதல்ல சாயணும். அதான் முக்கியம். பொறவு வண்டி என்ன சொல்லுதோ அதைக் கேக்கணும்."

"நீங்களும் கேப்பீங்களா?"

"கேக்காமயா இங்க வந்து சேந்தேன்?"

கப்பல் பதினொன்றரைக்குக் கிளம்பியது. பன்னிரண்டரைக்கு மருத்துவர்கள் அவர் இதயத்தில் இரண்டு அடைப்புகளை நீக்கினார்கள். கண் விழித்ததும் அவர் சொன்னது: "வண்டிச் சூட்டைப் பாத்துப் பதறுனேன்லா? அதுலதான் எனக்கு இது வந்துட்டு."

வைரத்தின் மீது விசாரணை வந்தது. பொய்யாகச் சிவப்பு விளக்கு எரிப்பது வண்டிகளின் உலகில் மன்னிக்க முடியாத குற்றம்; தண்டனை, மூளையை அழிப்பது. ஆய்வாளர் ஆவுடைநாயகி சூட்டுப் பதிவுகளை விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"எண்பத்திரண்டு டிகிரிக்குச் சிவப்பு போட்டிருக்க. அந்த மனுசன்கிட்ட உள்ளதைச் சொல்லித் தொலச்சா என்ன?"

"எட்டு மாசம் சொன்னேன் அம்மா. அவரு விளக்கு செவந்தா ஸ்டிக்கர் ஒட்டுதாரு. என் விளக்கு செவந்தாத்தான் நிறுத்துதாரு. எரியுத எடத்தை மட்டுந்தான் மாத்துனேன்."

ஆவுடைநாயகி விரித்துவைத்த பதிவுகளை மூடினாள். பிறகு கோப்பில் எழுதினாள்: 'கோளாறு, சூடு. ஓட்டுநரே சரிசெய்தார்.' எழுதிவிட்டு வைரத்தின் நினைவிலிருந்து அந்த நாற்பத்தைந்து நிமிடங்களைப் பிரதியெடுத்து, குடியிருப்பின் எல்லா வண்டிகளுக்கும் அனுப்பினாள். முதலில் தன் வண்டிக்கு.

அதற்குப் பிறகு புதுக்கடையத்தில் ஓடிய எந்த வண்டியும் உருப்படியாக ஓடவில்லை. எதற்கெடுத்தாலும் சூடு. இந்தக் காலத்து வண்டி ஒன்றும் சரியில்லை என்று மக்கள் சலித்துக்கொண்டார்கள். நான்கு வருடத்தில் திடீர் மாரடைப்புச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. எங்கள் மறைப்பில் மூலிகை இருக்கிறது, அதனால்தான் என்று சுடர்மறைப்புக் கம்பெனி விளம்பரம் செய்தது. விற்பனை இரட்டிப்பாகியது.

சொரிமுத்து இப்போது வண்டிப் பழுதுநீக்கும் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். வாரம் இரண்டு நாள். முப்பது பேர் வரிசையாகப் பாதி சாய்ந்து, முழங்காலை மடக்கி, முகமூடி போட்டு, மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிறார்கள்.

போன வாரம் ஒரு மாணவர் முகமூடியைத் தூக்கி, "ஐயா, இங்க வந்ததுல இருந்து உடம்பும் நல்லா இருக்க மாதிரி தெரியுது" என்றார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

"வகுப்பு நேரத்துல உடம்பைப் பத்தி என்னவே பேச்சு?" என்று அதட்டினார் சொரிமுத்து. "மூச்சை இழும். அங்க வண்டி கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு."