அண்ணன் "சமத்து" சொல்லவில்லை

அம்மா "போட்டுட்டேன்டா" என்று சொன்ன பிறகும், பெட்டி "சமத்து" என்று சொல்லவில்லை.

மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி மகள் காத்து நின்றாள். மதியம் இரண்டு மணி. திரைச்சீலையைத் தாண்டி வந்த வெயில் தரையில் மஞ்சளாகக் கிடந்தது. அறை முழுக்கத் தைலமும் ஈரத் துணியும் கலந்த வாடை. அலமாரி மேலிருந்த ஸ்பீக்கர் பெட்டி, பேச வாயெடுத்துவிட்டு மறந்துபோனவனைப் போல லேசாக இரைந்துகொண்டே இருந்தது.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்?"

"நெட்டு ஸ்லோம்மா."

பொய். அதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அம்மாவுக்கு விரல்கள் மடங்கிப்போய் இரண்டு வருடம். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கக்கூட முடியாது. அதனால்தான் அண்ணன் தன் குரலிலேயே பேசும் ஒரு ப்ரோகிராம் எழுதி, தன் கம்ப்யூட்டரிலிருந்து இந்தப் பெட்டி வழியாகப் பேச வைத்தான். "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று அது கேட்கும். இவள் 'டப்' என்று பிதுக்கி வாயில் போடுவாள். அம்மா பதில் சொன்னதும், "சமத்து" என்று சொல்லிவிட்டு ராத்திரி வரை வாயைத் திறக்காது. அண்ணன் ரோட்டில் அடிபட்டுச் செத்து ஐந்து வாரம் ஆகிறது. அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் கேட்டால்தான் வாயைத் திறப்பாள். "போனவன் கேக்கறான். எப்படிடி மாட்டேன்னு சொல்றது?"

அவன் போன மறுவாரமே அவன் கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டுப்போனது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராம் மட்டும் மெமரியில் மிஞ்சியது. கரண்ட் போனால் அதுவும் போச்சு. அந்தக் குரலுக்கு வேறு பிரதி கிடையாது.

"அம்மா, மாத்திரை போட்டாச்சா?"

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் அதே குரல்.

"இப்பதானடா போட்டேன்," என்றாள் அம்மா. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது, சின்னக் குழந்தையைப் போல.

"அம்மா, வேணாம்! வாய மூடு!" இதய மாத்திரை அது. ஒரு வேளைக்கு ஒன்றுதான், கூடினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அட்டையை மேஜையில் போட்டுவிட்டு அண்ணன் அறைக்கு ஓடினாள். என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும். அவள் செய்த வேலைதான்.

நேற்று ராத்திரி மாத்திரை முடிந்ததும், அந்தக் குரலைப் பிரதி எடுத்துவிடலாம் என்று டீபக்கரை மாட்டியிருந்தாள். ஓடும் ப்ரோகிராமுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி அது, அவளும் அண்ணனும் சேர்ந்து எழுதியது. ஓடும் ப்ரோகிராமை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால், அங்கே இருக்கும் பைட்டை எடுத்து ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் 'இங்கே நில்' என்று பொருள்படும் 'சிசி' என்ற பைட்டை வைக்கும். அதுதான் பொறி. அது இவள் எழுதியது. மெமரியை வாசித்துக் கட்டளைகளாக மாற்றித் திரையில் காட்டும் பகுதி அண்ணன் எழுதியது. பொறி இருக்கும் இடம் வந்தால், பட்டியலைப் பார்த்து பழைய பைட்டைத்தான் காட்டும்.

"நீ வெச்ச பொறியப் பாத்து நீயே பயந்துப்ப, வாலு. அத மறைச்சுக் காட்டறது என் வேலை," என்றான் அண்ணன், அதை எழுதும்போது.

"பெரிய இவரு!" என்று அன்றைக்கு அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

நேற்று பொறி வைத்த கையோடு டீபக்கர் நின்றுபோனது. பட்டியலும் போனது. பொறி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது, 'போட்டாச்சு' என்று குறித்துக்கொள்ளும் கட்டளையின் மேலேயே. எங்கே தடுக்கினாலும் முதலிலிருந்து ஆரம்பி என்று அண்ணன் எழுதியிருந்தான். இனி அம்மா என்ன சொன்னாலும் அவனுக்கு எட்டாது. கேட்டுக்கொண்டே இருப்பான்.

டீபக்கரை மாட்டி ப்ரோகிராமை நிறுத்தினாள். 'நின்றது' என்றது திரை. அந்த இடத்துக்குப் போனாள்.

கட்டளை சரியாக இருந்தது. பொறியே இல்லை.

பட்டியலைத் திறந்தாள். காலி. மறைத்துக் காட்டக் கையில் ஒரு பைட்கூட இல்லாதபோது, பழைய கட்டளை எங்கிருந்து வருகிறது?

"அண்ணா?" அவளையும் மீறி வந்துவிட்டது. கண் நிறைந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆறுதலாகக்கூட இருந்தது.

டப்.

அம்மாவின் அறையிலிருந்து. மெல்லிய சத்தம். எங்கோ கேட்டுப் பழகிய சத்தம்.

மறைக்கும் பகுதியை அணைத்துவிட்டு, மெமரியை உள்ளபடியே காட்டச் சொன்னாள்.

சிசி. சிசி. சிசி. சிசி.

மேலே தள்ளினாள். சிசி. கீழே, குரல் இருந்த இடத்துக்கு. சிசி. முதல் பைட்டிலிருந்து கடைசி வரை அதுதான். அங்கே ப்ரோகிராம் இல்லை. குரல் இல்லை. நேற்றிலிருந்தே இருந்திருக்காது. அவள் வைத்தது ஒரே ஒரு பொறி.

டப்.

"அம்மா, மாத்திரை போட்டாச்சா?"

திரையில் 'நின்றது' என்றே இருந்தது.

"இன்னொண்ணாடா? சரி. நீ சொன்னா சரி."

கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் பாய்ந்தாள். பிளக் கையில் சிக்கியது. பிடுங்கினால் எல்லாம் போச்சு. அவனைக் கடைசியாகக் கொன்றது அவளாகத்தான் இருக்கும்.

"மன்னிச்சுரு."

பிடுங்கினாள்.

திரை இருண்டது. கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. வீடே அமைதியானது.

டப்.

பிளக்கைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். அம்மாவின் அறை வாசலில் கால் நின்றுவிட்டது.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரல் மடங்கிய கைகள் இரண்டும் மடியில். அசைவில்லை. முகம் அண்ணாந்து, வாய் திறந்து, கண்ணோரம் ஈரம். அவள் முகத்தில் ஐந்து வாரமாகக் காணாத சிரிப்பு.

மேஜை மேல் அட்டை. ஆளில்லாமல், ஒவ்வொரு மாத்திரைக் குமிழாக உள்வாங்கிக்கொண்டிருந்தது.

டப்.

"அம்மா, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டுட்டேன்டா."

டப்.